மரங்கொத்திக்குச் சோறு வைத்தோம், அம்மா

தலைச்சுமையை இறக்கிவைத்து இளைப்பாறிக்கொண்டிருக்கும் என் அம்மாவுக்கு,

நேரில் பேசச் சொன்னாலே எனக்கு வாய் வராது, உனக்கே தெரியும். அதனால் எழுதுகிறேன். பிழை இருந்தால் திட்டாதே. எட்டாவதோடு நின்று, உன்னோடு விறகு வேலைக்கு வந்துவிட்ட பிள்ளைதானே நான்.

நம் வீட்டுக்கு ஒரு மரங்கொத்தி வருகிறது அம்மா. முதுகு பொன்னிறம், தலையில் சிவப்புக் கொண்டை. மரம் வெட்டின காட்டில் கிளைகளின் மேல் ஏறி இறங்குமே, அதே சாதி. காய்ச்சலில் நீ போய், உன் காரியம் முடிந்த மறுநாள் காலையில் வந்தது. இறவாரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும், கூரையைத் தாங்கும் பனங்கையின் முனையில் ஒட்டிக்கொண்டு, டொக் டொக்கென்று கொத்தியது. யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்று அப்பா எழுந்துபோய்த் திறந்தார்.

அத்தை அதைப் பார்த்ததும் அழ ஆரம்பித்துவிட்டாள்.

"ஏனுங்கண்ணா, காரியத்துக்கு வெச்ச சோத்தைக் காக்கா தொடவே இல்லீங்களே! இப்பத்தானுங்க தெரியுது. அண்ணி இந்த ரூபத்துல வந்திருக்காங்க. பசியோட வந்திருக்காங்க."

"அவ எதுக்கு எறவாரத்துல உக்கோருறா? நேரா ஊட்டுக்குள்ளயே வரவேண்டீதுதான?" என்றார் அப்பா.

ஆனாலும் இலை போட்டுச் சோறு வைத்தோம். பருப்பும் நெய்யும்கூட. மரங்கொத்தி திரும்பியும் பார்க்கவில்லை. கோழி வந்து தின்றுவிட்டுப் போனது. "கத்திரிக்காய்ப் பொரியல் இல்லாம உங்கம்மா என்னைக்குச் சோறு தின்னா?" என்றார் அப்பா. சிரித்தாரா, அழுதாரா, எனக்குத் தெரியவில்லை. மறுநாள் பொரியலும் வைத்தோம். அதையும் கோழிதான் தின்றது.

நீயாக இருந்தால் ஏன் சாப்பிடவில்லை? நீ இல்லையென்றால், அது எதைத் தேடி இங்கே வருகிறது?

ஒரு நாள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றேன். கொத்தின ஓட்டைக்குள் நாக்கை விட்டு வெள்ளையாக ஒரு புழுவை இழுத்தது. பனங்கை உளுத்துப்போயிருக்கிறது அம்மா. அதற்கு வேண்டிய சோறு அதற்குள்ளேயே இருக்கிறது. அப்பாவிடம் சொன்னேன். "மாத்திப்போடலாம்" என்றார். இன்னும் மாற்றவில்லை.

முன்பெல்லாம் மரம் அறுக்கிறவர்கள் அடிமரத்தை மட்டும் மரமில்லுக்கு ஏற்றிப் போவார்கள். நாம் தலையில் தூக்க முடிந்ததை எடுத்துக்கொள்வோம். மிச்சக் கிளையும் வேரடியும் கிடந்து மக்கும். பட்டைக்கு அடியில் எறும்பும் புழுவும் கூடியதும் மரங்கொத்தி வந்துவிடும். நீ காய்ச்சலில் படுத்த பிறகு நடக்கிற கதை உனக்குத் தெரியாது. திருப்பூர்ச் சாயப்பட்டறை பாய்லர்களுக்கு எந்த மரமானாலும் எரிந்தால் போதுமாம். பல்லடம் ரோட்டில் விறகு லாரி ஓய்வதே இல்லை. கிளை, பட்டை, பட்டுப்போன மரம் என்று ஒன்றையும் விடுவதில்லை. வேரடியைக்கூடக் கடப்பாரை போட்டுத் தோண்டி எடுக்கிறோம். எடுக்கிறோம் என்றால், நானும்தான். காடு கூட்டிப் பெருக்கின வாசல் மாதிரி கிடக்கிறது. "எத்தனை சுத்தமாப் பண்ணிப்போட்டோம் பாத்தியா!" என்று மேஸ்திரிக்கு ஒரே பெருமை.

அந்தச் சுத்தத்தில் பசித்துத்தான் அது நம் வீட்டைத் தேடி வந்ததா? இல்லை, முன்பும் வந்துகொண்டிருந்து, நீ பாத்திரம் உருட்டும் சத்தத்தில் எங்களுக்குக் கேட்கவில்லையா? யாரைக் கேட்பது?

பள்ளத்தோரம் ஒரு பட்ட வேலமரம் மட்டும் மிச்சம் நிற்கிறது. உடம்பெல்லாம் ஓட்டை. மரங்கொத்தி அங்கேயும் போவதைப் பார்த்திருக்கிறேன். நேற்று மேஸ்திரி அதை வெட்டச் சொன்னார். எனக்கு என்ன ஆயிற்றென்றே தெரியவில்லை.

"ஏனுங்க மேஸ்திரி, அதொன்னு இருக்கட்டுங்க" என்றேன்.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "அட, இவளுக்கு வாயி இருக்குதா! இத்தனை நாளு எங்க அம்மணி வெச்சிருந்தே?" என்று கூட வேலை செய்யும் சரசக்கா கையைத் தட்டிச் சிரித்தாள்.

"எதுக்கு இருக்கோணும்?" என்றார் மேஸ்திரி.

"குருவி திங்குதுங்க."

"குருவி திங்கறதுக்கா நான் லாரியக் கொண்டாந்து நிறுத்தியிருக்கறேன்?" என்றார். நல்லவேளை, லாரி நிறைந்திருந்தது. "சரி, பொதங்கெழமை வாரேன். அதுக்குள்ள உங்குருவியத் தின்னு முடிக்கச் சொல்லு."

வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் வேறொன்று உறைத்தது. அந்த மரம் நின்றால் மரங்கொத்திக்கு அங்கேயே இரை கிடைக்கும். நம் வீட்டுக்கு வருவது குறைந்து, ஒரு நாள் நின்றும் போகலாம். அப்பா இப்போதெல்லாம் அந்தச் சத்தத்துக்குத்தான் கண் விழிக்கிறார். நானும்தான். பனங்கையை அவர் ஏன் மாற்றாமல் இருக்கிறார் என்று அப்போதுதான் யோசித்தேன்.

அப்படியானால் நான் மேஸ்திரியிடம் என்ன கேட்டேன்? நீ வராமல் இருக்க வேண்டும் என்றா? அது நீ இல்லை என்று தெரிகிறது. தெரிந்தும், அது கொத்தும் சத்தம் கேட்ட பிறகுதான் பாயைச் சுருட்டுகிறேன்.

புதன்கிழமை மறுபடியும் கேட்பேன் அம்மா. காரணம் கேட்டால் சரியாகச் சொல்ல வராது. வாயே வராவிட்டால் அந்த மரத்தடியில் போய் உட்கார்ந்துகொள்வேன். என்னை எழுப்பிவிட்டு வெட்டட்டும். மரம் தப்பித்து, நம் வீடு சத்தமில்லாமல் போனால் போகட்டும். அப்பாவை நானே எழுப்பிக்கொள்கிறேன்.

உன் பின்னாலேயே சுள்ளி பொறுக்கி வந்த மகள்,
ஈஸ்வரி