காயாத கட்டி

அன்புள்ள அண்ணனுக்கு,

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உன் மாப்பிள்ளை உயிரோடு இருக்கிறார். பதறாமல் படி. பாப்பா இப்போதுதான் தூங்கினாள். போனில் சொல்ல வாய் வரவில்லை. உன்னிடம் லோடு ஏற்ற வரும் டிரைவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

இன்று மத்தியானம் நம் பட்டறையில் உலை வெடித்துவிட்டது. கடைசல் பட்டறைகளிலிருந்து நீ அனுப்பும் அலுமினியச் சுருளை அழுத்திக் கட்டியாக்குகிறோம் அல்லவா, அதை உலை விளிம்பில் வைத்துச் சூடேற்றிய பிறகுதான் உள்ளே போட வேண்டும் என்பது உன் சட்டம். மேஸ்திரி இன்று ஒரு கட்டியைத் தடவிப் பார்த்துவிட்டு, எலும்பு மாதிரி காய்ஞ்சு கிடக்கு, இதுக்கு எதுக்கு உபசாரம் என்று அப்படியே போட்டிருக்கிறார். கடைசல் மெஷினில் சூடு தணிய ஊற்றும் தண்ணீர் கட்டிக்குள் தங்கியிருந்திருக்கிறது. உருகிய உலோகத்துக்குள் ஈரம் போனால் சும்மா விடுமா? கூரைத் தகடு பிய்த்துக்கொண்டு பறந்துவிட்டது. உலை குமுறும்போதே மேஸ்திரி, பக்கத்தில் நின்ற இவரைப் பார்த்து, குனிடா மாப்ளே என்று கத்தினாராம். அந்த ஒரு கத்தல்தான் இவரை உயிரோடு வீட்டுக்கு அனுப்பியது; மேஸ்திரியும் தப்பிவிட்டார்.

சிரித்துக்கொண்டேதான் வந்தார். முகக்கவசத்தில் அலுமினியம் சொட்டுச் சொட்டாக உறைந்திருந்தது. ஒருவழியா உன் புருஷனும் பளபளன்னு ஆயிட்டான் பார் என்றார். சாப்பிடுகிறீர்களா என்றேன். ஆமா, பாவம், மேஸ்திரி நல்ல மனுஷன் என்றார். அதிர்ச்சியில் உளறுகிறார் என்று நினைத்தேன்.

அப்புறம் பாப்பா அவர் முதுகுக்குப் பின்னால் கட்டிலிலிருந்து விழுந்து அலறினாள். அடி ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரி ஓடி வந்துவிட்டாள், இவர் திரும்பவேயில்லை. துண்டை மடித்துக்கொண்டிருந்தார். பாப்பா தும்மினாலே எழுந்து உட்காருகிறவர், அண்ணா!

முன்னால் போய் நின்று, காதைத் தொட்டுக் காட்டிக் கேட்டேன். உள்ளே வண்டு பாடுதாம், தூங்கி எழுந்தால் சரியாகிவிடுமாம். வெளிக்காயமே இல்லாமல் டாக்டர் எதற்கு என்கிறார். மேஸ்திரியிடம் மூச்சு விடக் கூடாதாம், பயந்தாங்கொள்ளி என்று கேலி செய்வாராம். கூரையை மாற்றித் திங்கட்கிழமை உலை மூட்டும்போது இவர்தான் முன்னால் நிற்பாராம். மறுபடி யாராவது குனி என்று கத்தினால்?

நான் சொன்னால் பிள்ளை பெற்றவள் பயம் என்பார். பட்டறை உன்னுடையது, நீ சொன்னால் கேட்பார். லோடு கிடக்கட்டும், இந்த வண்டியிலேயே ஏறி வந்துவிடு. போனில் கூப்பிட்டு அவருக்குப் புத்தி சொல்லலாம் என்று மட்டும் இருந்துவிடாதே அண்ணா. எதிரில் வந்து நில். உன் வாயைப் பார்த்தால்தான் அவருக்குப் புரியும்.

உன்னையே நம்பியிருக்கும்
தங்கை