வெளிக்காற்றில் இருந்த சூடு

ஜனவரி 14

அன்புள்ள அண்ணிக்கு,

இது நான் உங்களுக்கு எழுதும் ஏழாவது கடிதம். ஆறுக்கும் பதில் இல்லை. திட்டியாவது ஒரு வரி போட்டிருக்கலாம் என்று ஒரு சின்ன மனக்குறை, அவ்வளவுதான். நீங்களும் குட்டியும் சுகமாக இருப்பதாக நானே நினைத்துக்கொள்கிறேன்.

இன்று நடந்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். அண்ணன் இருந்தால் அவனிடம் கொட்டியிருப்பேன்.

இங்கே மைனஸ் இருபத்தாறு. மூச்சு விட்டால் இமை மயிரில் உறைகிறது. காலையில் ஒரு பஸ் டிரைவர் வீட்டிலிருந்து அழைப்பு. பிறந்து பதினோரு நாளான குழந்தை இருக்கிற வீடு. ஹீட் பம்ப் நின்றுபோய்விட்டது. அது வேறொன்றுமில்லை, நம் வீட்டு ஏசிதான், திருப்பி ஓடுகிறது. அங்கே உள்ளே இருக்கிற சூட்டை வெளியே தள்ளும். இங்கே வெளியே இருக்கிற சூட்டை உள்ளே கொண்டுவரும்.

போய்ப் பார்த்தால், வெளிப் பெட்டியை எந்தப் புண்ணியவானோ தரையோடு தரையாக வைத்திருக்கிறான். பனி மூடி, உருகிய தண்ணீர் அடியிலேயே கட்டியாகி, விசிறி இறக்கையைக் கவ்விப் பிடித்திருக்கிறது. டிரைவர் சுத்தியலோடு நிற்கிறார்.

"தட்டிடவா?"

"ஐயோ, உள்ள இருக்கிற செம்புக் குழாய் ஓட்டையாயிடும். சுத்தியலை உள்ள வச்சிட்டு வெதுவெதுன்னு தண்ணி கொண்டாங்க."

இரண்டரை மணி நேரம் பிடித்தது. கட்டியைக் கரைத்து, பெட்டியை இடுப்பு உயர ஸ்டாண்டில் ஏற்றிப் போட்டேன். கொஞ்ச நேரம் ஓடியதும் அதிலிருந்து வெள்ளையாகப் புகை கிளம்பியது. டிரைவர் "தீ! தீ!" என்று அலறிவிட்டார்.

"தீ இல்லைங்க. மேல மிச்சமிருக்கிற பனியை அதுவே உருக்கிக்குது. ஆவி அது."

உள்ளே போனோம். குழந்தையின் அம்மா கோட்டுக்குள் குழந்தையைப் புதைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இளஞ்சூட்டுக் காற்று வர வர, மேல் துணியை ஒவ்வொன்றாக விலக்கினாள். ஒரு கை வெளியே வந்தது. ஐந்து விரலும் விரிந்தன.

"இங்க ஏதுங்க சூடு? எங்கிருந்து எடுத்துச்சு?" என்றார் டிரைவர்.

"வெளியில இருந்துதான். மைனஸ் இருபத்தாறுலயும் காத்துல சூடு மிச்சம் இருக்கு. நமக்குத் தெரியாது, அதுக்குத் தெரியும்."

பதினோரு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். இன்றைக்கு நான் சொன்னதைக் கேட்டு எனக்கே புல்லரித்துவிட்டது, அண்ணி.

என்றும் அன்புடன்,
உங்கள் நாத்தனார்


மே 3

நாத்தனாருக்கு,

உன் ஏழு கடிதங்களையும் படித்தேன். கிழித்துப் போடவில்லை, அதற்காகச் சந்தோஷப்பட வேண்டாம். போனில் உன் பேச்சு அப்படியே உன் அண்ணன் பேச்சு. என்னால் கேட்க முடியாது. அதனால் கையால் எழுதி, படம் எடுத்து அனுப்புகிறேன்.

இங்கே நாற்பத்தெட்டு டிகிரி. குழாயைத் திறந்தால் அடுப்பிலிருந்து இறக்கியது போல் தண்ணீர் வருகிறது. குட்டி நேற்று பள்ளிக்கூடத்துக் கோடை வகுப்பில் மயங்கி விழுந்துவிட்டாள். டாக்டர், "ரூம் ஜில்லுனு இருக்கணும்மா, விளையாட்டில்ல" என்றார். மூன்று வருடமாக நான் தொடாத ஏசியைப் போட்டேன். உறுமியது, பத்து நிமிடத்தில் நின்றுவிட்டது. மெக்கானிக் ஒருவர் மாடி ஏறிக்கூடப் பார்க்காமல், "தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க" என்றார்.

உன் அண்ணன் தன் கையால் மாட்டியது அது. அடுத்தவர் கை வைக்க எனக்கு மனமில்லை.

அன்றைக்கு அந்தக் கடை மாடியில் நீயும் அவரோடு வேலைக்குப் போயிருக்க வேண்டும். நீ வெளிநாட்டு வேலைக்கு இண்டர்வியூ என்று கிளம்பிவிட்டாய். அவர் தனியாக அந்த வெயிலில் வேலை பார்த்து, அங்கேயே உயிரை விட்டார். அதை நான் மறக்கவில்லை. ஆனாலும் குட்டிக்காகக் கேட்கிறேன். இதை நான் எப்படிச் சரி செய்வது?

குட்டியின் அம்மா


மே 3, மாலை

அன்புள்ள அண்ணி,

ஏசி மறுபடி ஓடும்வரை குட்டியை ஈரத்துணி போர்த்திப் படுக்க வையுங்கள். தனியாக விடாதீர்கள்.

மிஷின் செத்திருக்காது, மூச்சு முட்டியிருக்கும். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு மாடிக்குப் போங்கள். வெளிப் பெட்டியின் முதுகில் சீப்புப் பல் மாதிரி மெல்லிய தகடுகள் இருக்கும். தூசியை மெத்தென்ற பிரஷ்ஷால் மேலிருந்து கீழே தள்ளுங்கள். பிறகு குழாயில் லேசாகத் தண்ணீர் விடுங்கள். வேகமாக அடித்தால் தகடு வளையும். வயர் இருக்கும் பக்கம் ஒரு சொட்டும் படக்கூடாது. உள்ளே இருக்கும் ஃபில்டரைக் கழுவுங்கள். எல்லாம் நன்றாகக் காய்ந்த பிறகுதான் சுவிட்ச். விடிந்ததும் தொடங்கி, காலை ஏழு மணிக்குள் முடித்துக் கீழே இறங்கிவிடுங்கள். பக்கத்தில் ஓர் ஆள் இருக்க வேண்டும். தலை லேசாகச் சுற்றினாலும் அப்படியே விட்டுவிட்டு வாருங்கள்.

இன்னொன்று சொல்ல வேண்டும். ஏழு கடிதத்திலும் எழுத வந்து, எழுதாமல் விட்டது.

அன்று பன்னிரண்டு மணிக்கு அண்ணன் என்னைக் கூப்பிட்டான். "தலை சுத்துது, சுண்டு" என்றான். என் பெயரை உள்ளே கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "நிழல்ல உக்காரு, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டேன். அந்தக் கடைக்காரருக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். போடவில்லை. வேலை கிடைத்துவிட்டது.

நீங்கள் என் மேல் வைத்திருக்கும் கோபம் போதாது, அண்ணி.

சுண்டு


மே 6

அன்புள்ள சுண்டு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்கக் குட்டிக்கு ஈரத்துணி மாற்றிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மறுநாள் விடிந்ததும், எதிர்வீட்டுத் தையல்காரி அக்காவைக் கூப்பிட்டுக்கொண்டு மாடி ஏறினேன். "இதெல்லாம் நமக்கு வருமாடி?" என்று கேட்டுக்கொண்டே அவர் குழாயைப் பிடித்தார். தூசி கம்பளி மாதிரி உரிந்து வந்தது. தண்ணீர் கறுப்பாக ஓடி, பழுப்பாகி, கடைசியில் தெளிந்தது.

எட்டு மணிக்குச் சுவிட்சைப் போட்டேன். பத்து நிமிடம் கழித்தும் நிற்கவில்லை. குட்டி கண்ணைத் திறந்து, "அம்மா, குளிருது" என்றாள். நான் அழுததைப் பார்த்துப் பயந்துவிட்டாள்.

இப்போது நான் சொல்கிறேன், கேட்டுக்கொள். அன்று பன்னிரண்டே காலுக்கு அவர் என்னையும் கூப்பிட்டார். என் ஆபீஸ் மேஜை மேல் போன் அதிர்ந்தது. பெயரைப் பார்த்தேன். மேலாளர் எதிரில் நின்றிருந்தார். சாப்பாட்டு நேரத்தில் பேசிக்கொள்ளலாம் என்று கவிழ்த்து வைத்தேன். இதை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. உன்னைக் குறை சொல்லிக்கொண்டிருக்கும்வரை இதை நினைக்காமல் இருக்க முடிந்தது.

இன்னொன்று உனக்குத் தெரியாது. அவரைத் தண்ணீர்த் தொட்டி நிழலில்தான் கண்டார்கள். பாதி வேலையில் ஸ்பேனரைப் போட்டுவிட்டு, செருப்பைக் கழற்றி வைத்து, சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எடுத்த வேலையை விட்டு எழுந்திருக்கிற மனிதரா அவர்? எப்படி அங்கே போய் உட்கார்ந்தார் என்று மூன்று வருடமாக எனக்குப் புரியவே இல்லை. நீ சொன்னதைக் கேட்டிருக்கிறார். கடைசியாக அவர் கேட்டது உன் பேச்சைத்தான். அதை நீ வைத்துக்கொள்.

குட்டி தூங்கியதும் மறுபடி மாடிக்குப் போனேன். பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. அதன் விசிறிக்கு முன்னால் கையை நீட்டினேன். காலை வெயிலே சுட்டது. அந்தக் காற்று அதைவிடச் சுட்டது. இவ்வளவுமா, சுண்டு? அந்தச் சின்ன அறைக்குள் நானும் குட்டியும் இவ்வளவு சூட்டையுமா வைத்துக்கொண்டு படுத்திருந்தோம்? நம்பவே முடியாமல், கையை எடுக்காமல், நெடுநேரம் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

உன் அண்ணி