ஆளில்லை என்று நான் எழுதிய இடம்

1962 ஜூலை 14, காலை ஒன்பதே கால் மணி. மலையடிவாரத்துப் பளியர் காலனியில் முப்பத்தொரு பேர். நானே எண்ணினேன். இரண்டு வருஷத்துக்கு முன் மலையிலிருந்து இறக்கியபோது எண்பத்தாறு. முப்பத்திரண்டாவது ஆளாக இருந்த நீ போன வாரம் காய்ச்சலில் போய்விட்டாய்.

தென்காசி ஆபீசுக்குத் திரும்பி டிராயிங் பெட்டியைத் திறந்தால் குங்கிலிய வாசம். மலையில் நீ மரத்திலிருந்து எடுத்துக் கொடுத்த கட்டி இன்னும் காம்பஸ் பக்கத்தில் கிடக்கிறது.

இறக்குவதற்கு முந்தைய அந்தக் கோடையில் நான் சர்வேயர், நீ எனக்கு அளவுச் சங்கிலி பிடித்தவன். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. குற்றாலத்துக்கு மேலே, உங்கள் பளியர் கூட்டம் குடியிருந்த பாறைக் குகைக்கு வந்தோம். அடுப்புச் சாம்பல் இருந்தது, ஆள் இல்லை.

"இங்கன யாருலே இருக்கா?"

"சித்தி செத்துப் போச்சு சார். செத்த எடத்துல இருக்க மாட்டோம். அந்தச் சரிவுல கெடக்கோம். மூணு வருசத்துச் சாரல் போனா திரும்பி வந்துருவோம்."

"கதை வேண்டாம்லே. இன்னைக்கு ஆள் இருக்கா, இல்லையா?"

"இன்னைக்கா? நீங்களும் நானுந்தான். வேணும்னா நம்மள எழுதிக்கிடுங்க."

நீ சிரித்தாய். எனக்கு அவசரம். பீல்டு புக்கில், அதாவது அளவுக் குறிப்பேட்டில், நீ சொன்னதை அப்படியே குறித்தேன். வரைபடத்தில் 'குடியிருப்பு இல்லை' என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். காப்பித் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைமாரின் பழைய வரைபடத்தின் மேல்தான் என் டிரேசிங் தாள் கிடந்தது. அதிலும் அந்த இடம் வெற்றாகவே இருந்தது. அவர்கள் போய்ப் பதிமூன்று வருஷம் கழித்து, அந்த வெற்றிடத்தை நான் மறுபடி வரைந்தேன்.

ஆளில்லாத காடு என்று சமவெளிக்காரர்களுக்குக் கிராம்புத் தோட்டம் போடக் கொடுத்தார்கள். சரிவில் இருந்த உங்களை லாரியில் ஏற்றி இந்தக் காலனியின் தகரக் கொட்டகைகளில் இறக்கினார்கள். முதல் சாவு விழுந்ததும் வழக்கப்படி எல்லோரும் கிளம்பினீர்கள். காவலர்கள் மறித்து, வெளியே போனால் அரிசி கிடையாது என்று செத்த வீட்டுக்குள்ளேயே திருப்பி அனுப்பினார்கள். காய்ச்சல் வீடு வீடாகப் போனது. உங்களால்தான் போக முடியவில்லை.

மேலே திரும்ப அனுமதி கேட்டு உன் மனைவி கைநாட்டு வைத்த மனு திங்கட்கிழமை விசாரணைக்கு வருகிறது. சாட்சி நான். மேலதிகாரி நேற்றே கூப்பிட்டார்.

"ஏம்டே, யாராவது யாரையும் கொன்னாங்களா? காலியா கெடந்துச்சு, காலின்னு எழுதுன. பீல்டு புக்குல அந்தப் பக்கத்தைக் கிழிச்சுட்டுப் பொழப்பப் பாரு."

பக்கத்தைக் காட்டினால் என் படம் பொய், வேலை போகும். கிழித்தால் முப்பத்தொரு பேருக்கும் வேறு சாட்சி இல்லை. யாரும் கொல்லவில்லையாம். எண்பத்தாறு, முப்பத்தொன்று. ஒரு கூட்டத்தை அழிக்க ஒரு லாரி, ஒரு காவல், ஒரு கையெழுத்து போதுமாக இருந்திருக்கிறது. கையெழுத்து என்னுடையது.

வெளியே மூன்றாவது சாரல் விழுகிறது. இனி:

1. பக்கத்தைக் கிழிக்க மாட்டேன்.

2. திங்கட்கிழமை அதை உரக்கப் படிப்பேன்.

3. அப்போதும் படம்தான் செல்லும் என்பார்கள். செவ்வாய்க்கிழமை உன் மனைவியோடும் மற்றவர்களோடும் அந்தக் குகைக்கு ஏறுவேன். பிடித்துப் பேரெழுதி, அத்துமீறல் வழக்குப் போடட்டும். அங்கே ஆள் இருந்ததாக அரசாங்கம் எழுதும் முதல் காகிதம் அதுவாக இருக்கும்.