மோட்டார் திரும்பிச் சுற்றிய நாள்

மரியே வாழ்க

நல்லம்பள்ளி
8-9-1973

ரோசம்மாவின் அப்பாவுக்கு பாக்கியமேரி எழுதிக்கொண்டது.

இங்கே அத்தை, கொழுந்தனார் செபாஸ்டின், குழந்தை, நான் எல்லோரும் சுகம். பெங்களூர்க் குளிரில் நீங்களும் சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். கம்பளியைப் போர்த்திக்கொள்ளுங்கள். பெட்டிக்குள் பூட்டி வைப்பதற்காக அதைக் கொடுத்து அனுப்பவில்லை.

உங்கள் கடிதம் வந்தது. முக்கால்வாசி மெஷினைப் பற்றித்தான் இருந்தது, கடைசி வரியில்தான் உங்களுக்குப் பெண்டாட்டி பிள்ளை நினைவு வந்திருக்கிறது. போகட்டும். ஃபேக்டரியில் போனஸ் தருகிறார்கள், அதில் ஒரு மெஷின்தான் வாங்க முடியும், டிரில்லா, இழைக்கிற மெஷினா, ரம்ப மேசையா என்று கேட்டிருந்தீர்கள். என்னைக் கேட்டது சந்தோஷம். கேட்டுவிட்டு உங்கள் இஷ்டத்துக்கு ஒன்றை வாங்கிவந்து நிற்காதீர்கள்.

டிரில் மெஷின் கைக்கு அடக்கமாக இருக்கிறது, எங்கே வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு போகலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். வயர் எவ்வளவு நீளமோ அவ்வளவு தூரம் போகலாம். அதற்கு மேல் போக வேண்டுமானால் ஈ.பி. ஆபீசில் சொல்லிக் கம்பம் நட வேண்டும். அது மட்டுமில்லை. பங்குச் சாமியாருக்குச் சீமையில் அவர் ஊரிலிருந்து யாரோ ஒரு டிரில் மெஷின் அனுப்பியிருந்தார்கள். நாம் எடுத்திருக்கும் கோயில் தச்சு வேலைக்கு ஆகட்டும் என்று செபாஸ்டினிடம் கொடுத்தார். இவர் பிளக்கை மாற்றிச் செருகினாரே தவிர, அதில் எழுதியிருந்ததைப் பார்க்கவில்லை. வீல் என்று ஒரு சத்தம், அப்புறம் புகை. அது நம் கரண்டில் பாதிக்குச் செய்த மெஷினாம். சாமியார் சிரித்துவிட்டார். செபாஸ்டின்தான் அடுத்த ஞாயிறு பூசைக்குக் கதவுக்குப் பின்னால் நின்றார். அதனால் நீங்கள் எதை வாங்கினாலும் வோல்டேஜ் எழுதிய தகட்டை முதலில் படியுங்கள். பெயின்டின் பளபளப்பை அப்புறம் பார்க்கலாம்.

இழைக்கிற மெஷின் இப்போதைக்கு வேண்டாம். இழைப்புளி பிடித்தால் செபாஸ்டின் கை ஓயாது, இழைத்த பலகையில் குழந்தை வழுக்கி விழுகிறாள். நமக்கு இடிக்கிற இடம் அறுப்பதுதான். நீங்கள் செய்து வைத்துவிட்டுப் போன ரம்ப மேசை நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் அதற்கும் கிணற்றுக்கும் இருப்பது ஒரே மோட்டார். பம்பிலிருந்து பெல்ட்டைக் கழற்றி மேசைக்கு மாட்டினால் ராகி காய்கிறது. மேசையிலிருந்து கழற்றிப் பம்புக்கு மாட்டினால் கோயில் வேலை நிற்கிறது. கரண்டு வருவதே கொஞ்ச நேரம். அதற்குள் அத்தைக்குத் தண்ணீர், எனக்கு ரம்பம் என்று தினமும் வழக்கு. இன்னொன்று, நிறுத்துகிற பொத்தான் மோட்டார் ரூமுக்குள் இருக்கிறது. மேசையில் நிற்பவர் நிறுத்த வேண்டுமானால் உள்ளே இருப்பவரைக் கூப்பிட வேண்டும். ஆகையால் என் ஓட்டு, சொந்த மோட்டார் வைத்த ரம்ப மேசைக்கு.

நான் மேசையில் நின்று சட்டம் தள்ளுவதை ஊரில் பேசுகிறார்கள். பக்கத்துக் கிணற்று மாதுவின் பெண்சாதி செல்லி வரப்பில் நின்று வாயில் கைவைத்துப் பார்த்துவிட்டுப் போகிறாள். பார்க்கட்டும். எனக்கு அந்த வேலை பிடித்திருக்கிறது. மரம் பல்லில் ஏறும்போதே கணு வருகிறதா, உள்ளே ஈரம் இருக்கிறதா என்று உள்ளங்கைக்குத் தெரிந்துவிடுகிறது. அடுப்படியில் எனக்கு இப்படி ஒரு சந்தோஷம் வந்ததே இல்லை. இதை அத்தைக்கு எழுதிவிடாதீர்கள்.

புதுக் கோயிலின் கதவும் பெஞ்சும் கிறிஸ்துமஸுக்குள் முடிய வேண்டும். சொந்த மெஷின் வந்த அன்றைக்கு ஃபேக்டரிக்குக் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுத்தானே பஸ் ஏறினீர்கள். அதை நான் மறக்கவில்லை, ரோசம்மாவும் மறக்கவில்லை.

இப்படிக்கு,
பாக்கியமேரி


மரியே வாழ்க

நல்லம்பள்ளி
21-10-1973

ரோசம்மாவின் அப்பாவுக்கு பாக்கியமேரி எழுதிக்கொண்டது.

இது என் சொந்தக் கையெழுத்துத்தான், நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். வலது கைக்கு ஒன்றுமில்லை. அடிபட்டது இடது கை. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், அத்தையோடு வழக்காடுகிறேன். இதற்கு மேல் என்ன சுகம் வேண்டும்?

செபாஸ்டின் பதறிப்போய் உங்களுக்கு எழுதியதை நான் படிக்கவில்லை. அவர் எழுத்துக்கு நீங்கள் போட்ட பதிலைப் படித்தேன். என்ன நடந்தது என்று நானே சொல்கிறேன். அவர் எதையாவது கூட்டியோ குறைத்தோ எழுதியிருப்பார்.

கை அடிபட்ட வாரம் ஊர் டிரான்ஸ்பார்மர் கெட்டுப்போய் வேறு வைத்தார்கள். வைக்கும்போது கம்பிகள் இடம் மாறிவிட்டன. அப்படி மாறினால் ஊர் மோட்டாரெல்லாம் திரும்பிச் சுற்றும் என்பது உங்களுக்குத் தெரியாததில்லை. நம் ஆட்கள் யாரும் மோட்டாரைப் பார்ப்பதில்லை, தண்ணீரைத்தான் பார்ப்பார்கள். பம்பு தண்ணீர் தூக்கவில்லையென்றால் மோட்டார் பின்னால் சுற்றுகிறது, இரண்டு வயரை மாற்றிப் போடு என்பார்கள். மாது அன்று விடியலில் தொட்டியை நிரப்ப மோட்டார் போட்டிருக்கிறார், தண்ணீர் வரவில்லை, வயரை மாற்றிவிட்டார். நமக்கு முதல் நாள் நல்ல மழை. ராகிக்குத் தண்ணீர் வேண்டாம். கரண்டு முழுக்க ரம்பத்துக்குத்தான் என்று சந்தோஷமாகப் பெல்ட்டை நேராக மேசைக்கு மாட்டிவிட்டோம். பம்பை ஒரு நிமிஷம் ஓட்டியிருந்தால் தெரிந்திருக்கும்.

கோயில் கதவுக்கான வேங்கைச் சட்டத்தை வைத்தேன். ஏறவில்லை. பல்லின் முதுகு உரசிப் புகைதான் வந்தது. மரம் கெட்டி, இன்னும் கொஞ்சம் அழுத்துவோம் என்று அழுத்தினேன். ரம்பம் சட்டத்தை மேலே தூக்கி எறிந்தது. என் கை அது இருந்த இடத்தில் விழுந்தது. நான் கத்தியது எனக்குக் கேட்கவில்லை. செபாஸ்டின் மோட்டார் ரூமுக்குள் ஓடிப் பொத்தானை அழுத்தியதும், அப்புறமும் ரம்பம் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்ததும்தான் நினைவில் இருக்கிறது. தர்மபுரி பெரியாஸ்பத்திரியில் தைத்தார்கள். சுண்டு விரலில் நுனி இல்லை. மோதிர விரலில் பாதி இல்லை. புண் ஆறி வருகிறது, சீழ் இல்லை.

மாது வீட்டுக்கு வந்து, மழ பேயுதே, இவங்க எங்க மோட்டார் போடப்போறாங்கன்னு சொல்லாம வுட்டுட்டனே என்று அழுதுவிட்டார். நான்தான் அவரைத் தேற்றிக் காப்பி கொடுத்து அனுப்பினேன். அத்தை அழவில்லை. பொம்பள நிக்கற எடமா அது, வூட்டுக்குள்ள கெடன்னா கேட்டியா என்று காலையில் ஆரம்பித்தால் விளக்கு வைக்கும் வரை சொல்கிறார். மோட்டார் திரும்பிச் சுற்றினால் ஆம்பளைக்கு மட்டும் விரல் முளைக்குமா என்று நானும் கேட்டுவிட்டேன். ஆனால் அன்றைக்கு ராத்திரிச் சோற்றை அவரே பிசைந்து கொடுத்தார்.

இப்போது உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். அந்த மேசையை உடைத்து அடுப்பில் வைக்கச் சொல்லியிருக்கிறீர்கள். மெஷின் பேச்சே வேண்டாம், பெங்களூரிலேயே நிரந்தரமாக இருந்து மாதாமாதம் அனுப்புகிறேன், நீ வீட்டில் இரு என்று எழுதியிருக்கிறீர்கள். லீவு கேட்டால் கிடைக்கும், ஆனால் நான் செய்த மேசை உன் கையைத் தின்றுவிட்டது, எந்த முகத்தோடு வருவேன் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த இடத்தில் மை கலைந்திருக்கிறது.

எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஆஸ்பத்திரியில் கூட நான் இப்படி அழவில்லை. விரல் போனது போனதுதான். அதற்காக நீங்களும் அங்கேயே தங்கிவிட்டால் எனக்கு எது மிச்சம்? மேசை ஒரு பாவமும் செய்யவில்லை. சட்டம் ஏறாதபோது நிறுத்தாமல் அழுத்தியது நான், பொத்தானை எட்டாத இடத்தில் வைத்தது நீங்கள், டிரான்ஸ்பார்மரில் கம்பியை மாற்றியது யாரோ. ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்வோம். எல்லாவற்றையும் நீங்களே தூக்கிச் சுமக்க வேண்டாம்.

செபாஸ்டின் ரம்பத்தின் பக்கமே போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். சாமியாரும் கதவு மெதுவாக ஆகட்டும், மாட்டுத்தொழுவத்தில் பிறந்த பாலனுக்குக் கதவு இருந்ததா என்ன என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு மனசு கேட்கவில்லை. போன வாரம் கொழுந்தனாரைக் கெஞ்சிக் கூட்டிப்போய், மோட்டார் சக்கரத்தில் சுண்ணாம்பால் பெரிதாக அம்புக்குறி போட வைத்தேன். இப்போது பெல்ட்டை மாட்டும் முன் மோட்டாரைச் சும்மா ஓடவிட்டு நிறுத்துகிறோம். நிற்கப்போகும்போது அம்பு எந்தப் பக்கம் போகிறது என்று இரண்டு பேரும் பார்த்துச் சொன்ன பிறகுதான் பெல்ட். புளியங்கட்டையில் நுனியில் பள்ளம் வெட்டித் தள்ளுகோல் ஒன்றும் செய்யச் சொன்னேன். கடைசி முழத்தை இனிமேல் கோல்தான் தள்ளும், கை தள்ளாது. அந்த வேங்கைச் சட்டத்தையே வைத்து அறுத்தோம். அவர் தள்ளினார், நான் பக்கத்தில் நின்று வலது கையால் பிடித்து வாங்கினேன். மோட்டார் சத்தம் கேட்டதும் முதலில் வரப்பு வரை ஓடிவிட்டுத்தான் திரும்பி வந்தேன். உங்களிடம் மறைப்பானேன். ஆனால் மரம் நேராகப் பிளந்து வந்தபோது பயம் போய்விட்டது.

அதனால் மெஷினை வாங்குங்கள். ரம்ப மேசைதான் வேண்டும், என் ஓட்டு மாறவில்லை. பல்லின் மேல் மூடி இருப்பதாகப் பாருங்கள். அறுத்த பிளவு மூடிக்கொள்ளாமல் இருக்க ரம்பத்துக்குப் பின்னால் ஒரு தகடு இருக்குமாமே, சேலத்தில் மர மில்லில் வேலை பார்த்த நஞ்சப்பன் சொன்னார், அதையும் கேட்டு வாங்குங்கள். நிறுத்துகிற பொத்தான் மேசையிலேயே, முழங்காலால் தட்டுகிற உயரத்தில் இருக்க வேண்டும். கடைக்காரர் மூடி இல்லாமல் விலை குறைத்துத் தருகிறேன் என்பார். கேட்காதீர்கள். யார் நிற்கப்போகிறார்கள் என்று கேட்டால் என் வீட்டுக்காரி என்று சொல்லுங்கள். சொல்ல வெட்கமாக இருந்தால் சொல்லாதீர்கள், ஆனால் அதை மனசில் வைத்துத்தான் வாங்க வேண்டும்.

இரண்டாவது இன்லேண்டு லெட்டரிலும் இடம் தீர்ந்துவிட்டது, மடிப்பில் எழுதுகிறேன். விரல் வீங்கியிருந்ததால், நீங்கள் போட்ட கல்யாண மோதிரத்தை ஆஸ்பத்திரி சிஸ்டர் கத்தரித்துத்தான் எடுத்தார். துணியில் முடிந்து வைத்திருக்கிறேன். தட்டான் ஒட்டித் தருகிறேன், எந்த விரலுக்கு அளவு எடுப்பது என்று கேட்கிறார். என் வீட்டுக்காரர் வந்து சொல்வார் என்று அனுப்பிவிட்டேன். கையைப் பார்க்கப் பயமாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டாவது வந்து போட்டுவிடுங்கள். மாதா உங்களுக்கு வழித்துணையாக வரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் பாக்கியமேரி