மூன்று கட்டத்தில் அடங்காத பெயர்

அனுப்புநர்:
மா காப்சு, வயது 75,
துப்புரவுப் பணியாளர் (இரண்டாம், மூன்றாம் மாடி),
கொரிய மொழிப் பயிற்சி நிலையம், தேகு நகரம்.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
அதே நிலையம், ஐந்தாம் மாடி.

பொருள்: ஒரு நாளும் தவறாமல் வகுப்புக்கு வந்த வெளிநாட்டு மாணவியை, வரவே இல்லை என்று நீக்க இருப்பதை நிறுத்தக் கோருதல்.

மதிப்பிற்குரிய இயக்குநர் ஐயா,

முதலில் என் கையெழுத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். சில எழுத்து பெரிதாகவும் சில எழுத்து கோணலாகவும் இருக்கும். வட்டார அலுவலக மாடியில் முதியோர் எழுத்து வகுப்பில் சேர்ந்து பதினான்கு மாதம்தான் ஆகிறது. இது என் ஆயுளில் நான் எழுதும் முதல் மனு. அழித்து அழித்து மூன்று தாள் கிழிந்துவிட்டது. விஷயம் வருத்தமானது, ஆனாலும் எழுதும்போது எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. அதையும் மன்னிக்கவும்.

1. நேற்று செவ்வாய்க்கிழமை, இரண்டாம் மாடி அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டப்பட்டது. இப்போதெல்லாம் கண்ணில் படுகிற எல்லாவற்றையும் நான் வாசித்துவிடுகிறேன். அறை 203, தொடக்க வகுப்பு, மாணவர் பெயர் கோ கோல்லா. பத்து நாளும் வரவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் காரணம் எழுதித் தராவிட்டால் பெயர் நீக்கப்படும், விடுதி அறையைக் காலி செய்து ஊர் திரும்ப வேண்டும் என்று அதில் இருந்தது.

2. நான் வாசித்துக்கொண்டிருந்தபோது ஜார்ஜியா நாட்டுப் பெண் ஒருவர் வந்து நின்றார். அவரும் 203-தான். என்னைப் போலவே விரலை வைத்து, ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார். தன் பெயர் இல்லை என்று கண்டு நிம்மதியாகத் தலை வணங்கினார். அப்போது கழுத்தில் தொங்கிய விடுதி அட்டையைப் பார்த்தேன். கோகோல்லாஷ்விலி தினாத்தின். நம் கொரிய எழுத்தில், ஓர் அசைக்கு ஒரு கட்டமாக, ஒன்பது கட்டம். முதல் மூன்றை விட்டுவிட்டு மீதி ஆறையும் விரலால் மறைத்துப் பார்த்தேன். கோ, கோல், லா. பலகையில் இருந்த அதே பெயர் ஐயா.

3. தங்கள் பதிவுத் தாளில் பெயருக்கு மூன்று கட்டம்தான் உண்டு. என் பெயர் அதில் சரியாக உட்காரும், தங்கள் பெயரும் உட்காரும். அவர் பெயர் வெட்டுப்பட்டுவிட்டது. முதல் கட்டம் நம் வழக்கப்படி குடும்பப் பெயர் ஆகிவிட்டது. மிச்சமான 'கோல்லா'வைத்தான் ஆசிரியை தினமும் கூப்பிடுகிறார்.

4. நான் முப்பத்தொரு வருடம் சந்தையில் துணிக்குவியல் மேல் ஏறி நின்று, கைதட்டி, "கோல்லா, கோல்லா! பாத்து எடுத்துக்கோங்க!" என்று கத்தி விற்றவன். நம் மொழியில் 'கோல்லா' என்றால் 'பொறுக்கி எடு' என்றுதானே. அதனால் காலையில் 203-லிருந்து "கோல்லா" என்று கேட்கும்போதெல்லாம் தாழ்வாரத்தில் துடைப்பானோடு நின்று சிரித்திருக்கிறேன். ஆசிரியையும் ஒருநாள், "கோல்லா இன்னைக்கும் காணோமா? யாரோ பேரம் பேசி எடுத்துட்டுப் போயிட்டாங்க போல!" என்றார். நானும் சிரித்தேன். அதற்காக இப்போது வெட்கப்படுகிறேன்.

5. ஆசிரியை மேல் குற்றம் இல்லை. "நீங்க இந்த வகுப்புதானாம்மா?" என்று கேட்டார். "ஆமாங்க" என்றார் அந்தப் பெண். "இல்ல, வேற வகுப்பா?" அதற்கும் "ஆமாங்க". பெயர் பதியாமல் பாடத்தைச் சும்மா கேட்க வந்தவர் என்று நினைத்து, போகட்டும் என்று உட்கார விட்டார்.

6. நான் சாட்சி. கதவு திறக்கும் எட்டு இருபதுக்கு முதலில் வருபவர் அவர்தான். ஜன்னலோரம் இரண்டாம் வரிசை. பெயர் கூப்பிடத் தொடங்கியதும் முதுகை நிமிர்த்தி, வாயைப் பாதி திறந்து வைத்துக்கொள்வார். கடைசிப் பெயரும் முடிந்ததும் வாயை மூடிக்கொண்டு பேனாவைத் திறப்பார். மதியம் மாடிப்படியில் தனியாக உட்கார்ந்து கடையில் வாங்கிய சோற்று உருண்டை தின்பார். நான் துடைக்க வந்தால் காலைத் தூக்கிக்கொண்டு, "நான் ஜார்ஜியாவிலிருந்து வந்திருக்கிறேன். உங்களைச் சந்தித்ததில் மகிழ்ச்சி" என்பார். இதுவரை ஆறு தடவை சொல்லிவிட்டார். அவருக்குத் தெரிந்த முழு வாக்கியம் அது ஒன்றுதான். சொல்வதற்கு வேறு ஆளும் இல்லை என்று நினைக்கிறேன்.

7. என் மனைவி மருத்துவமனையில் இருந்தபோது, அழைப்புப் பலகையில் என் பெயர் வந்து வந்து போயிற்றாம். அப்போது எழுத்துத் தெரியாத எனக்கு அது என் பெயர் என்று தெரியாது. சுற்றி இருந்த நாற்காலி எல்லாம் காலியாகும்வரை உட்கார்ந்திருந்தேன். ஆகவே அந்தப் பெண் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும்.

8. அறிவிப்பைக் காட்டி அவரிடமே சொன்னேன். "ஆமாங்க, ஆமாங்க" என்று சிரித்துவிட்டுப் போனார். அலுவலகத்தில் சொன்னேன். "தாத்தா, யார் வந்தாங்க வரலைன்னு பதிவேடு சொல்லும். நீங்க தரையைப் பாருங்க. புகார்னா எழுதித்தான் குடுக்கணும்" என்றார்கள். என்னை அனுப்பிவிடுவதற்காகச் சொன்னதாக இருக்கலாம். ஆனால் நான் எழுதுகிறவன் ஆயிற்றே.

ஆகவே ஐயா, பதிவேட்டில் அவர் பெயரை ஒன்பது எழுத்திலும் எழுதி, அந்தப் பத்து நாளையும் அவருக்குத் தர வேண்டுகிறேன். நாளைக் காலை 203-ல் அந்தப் பெயரை முழுதாக ஒரு தடவை கூப்பிடச் சொல்லுங்கள். அவர் "ஆமாங்க" என்றுதான் சொல்வார். அந்த ஒரு தடவை அது சரியான பதிலாக இருக்கும். நான் தாழ்வாரத்தில் நின்று கேட்டுக்கொள்வேன்.

சரிசெய்தால் நன்றி சொல்லி எழுதுவேன். இல்லையென்றால் இதையே இன்னும் நேரான எழுத்தில் எழுதுவேன். எப்படியும் அடுத்த வாரம் என் தாள் தங்கள் மேசைக்கு வரும்.

இடம்: தேகு
நாள்: மார்ச் 19, புதன்கிழமை

பணிவுடன்,
மா காப்சு
(நானே போட்ட கையெழுத்து)

இணைப்பு: ஒன்பது கட்டம் போட்டு, மாணவியின் பெயரை எழுதிய தாள் ஒன்று.