உன் அம்மா கடலைப் பார்த்தாள்

அன்பு மகள் காயத்ரிக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, உன் தம்பி பார்த்திபன், இன்றோ நாளையோ கன்று போடப்போகும் செவலைப் பசு, எல்லோரும் சுகம். நீ இப்போது எந்தக் கடலில் இருக்கிறாயோ, அங்கே நீயும் உன்னோடு கப்பலில் இருப்பவர்களும் இதேபோல் சுகமாக இருக்க வேதகிரீஸ்வரர் துணை. இதைத் தாளில் எழுதுகிறேன், தம்பி போட்டோ எடுத்து அனுப்புவான், சிக்னல் கிடைக்கும்போது படி. போனில் சொன்னால் பாதியில் அறுந்துவிடும், இது அப்படி அறுந்துபோகக் கூடாத விஷயம்.

ஏரி இந்த வருஷம் நன்றாக நிறைந்திருக்கிறது, பறவைகளும் வந்துவிட்டன, வேடந்தாங்கலுக்கு வருகிற கார்களால் நம் தெருவில் மாடு நடக்க வழியில்லை. அம்மாவுக்கு முட்டி வலி மட்டும் அப்படியே இருக்கிறது, டாக்டர் சொன்ன மாத்திரையைவிட மேலத்தெரு தைலத்தைத்தான் நம்புகிறாள். நீ கப்பல் வேலையில் சேர்ந்ததிலிருந்து அவள் ஏன் உன்னோடு பேசுவதில்லை என்று நீயும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. டிவியில் கடல் வந்தால் எழுந்து போய்விடுவாள், பொட்டப் புள்ளைக்குத் தண்ணி மேல இன்னா வேலை என்று ஒரே பாட்டு. இப்படியே விட்டால் உங்கள் இருவருக்கும் பேச்சே மறந்துபோகும் என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. அதனால் பொங்கல் முடிந்த கையோடு, திருக்கழுக்குன்றம் போய்க் கும்பிட்டு வரலாம் வா என்று நம் குட்டி யானை வண்டியில் ஏற்றினேன். முட்டியோடு மலை ஏற முடியாது, அடிவாரத்துத் தாழக்கோயிலிலேயே கும்பிட்டாள். வெளியே வந்ததும் வண்டியை வந்த வழி விடாமல் கிழக்கே திருப்பினேன். மாமல்லபுரம் வந்து உப்புக்காற்று அடித்த பிறகுதான் அவளுக்குப் புரிந்தது. தெற்கே போகப் போகக் கடல் அவள் பக்கத்து ஜன்னலில்தான் வந்துகொண்டிருந்தது, அவளோ என் பக்கம் திரும்பி என் காதையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

எனக்கோ ரோட்டைப் பார்ப்பதா வெளியே பார்ப்பதா என்று தெரியவில்லை. செங்கல்பட்டுப் பாலத்தடியில் மணலும் கோரையுமாகக் கிடக்கிற நம் பாலாறுதான், கடலில் சேருகிற இடத்தில் எவ்வளவு அகலம், பாலம் முடியவே மாட்டேன் என்கிறது. அதைத் தாண்டினால் சவுக்குத் தோப்பு, பனை, ஆள் நடமாட்டம் இல்லாத உப்பளம். அப்புறம் ஒரு உப்பங்கழி முழுக்கப் பூநாரை. தண்ணீரே தெரியவில்லையம்மா, பறவைதான் தெரிந்தது. கிட்டத்தில் காட்டலாம் என்று குப்பத்துக்குப் போகிற மண்பாதையில் இறக்கினேன். ஊர்ப் பழக்கம் விடுமா, பறவைக்காகத் தீபாவளிக்கே வெடி வெடிக்காத ஊர்க்காரன், கை தானாக இன்ஜினை அணைத்துவிட்டது. சத்தமில்லாமல் சரிவில் உருட்டிக்கொண்டு போனேன், முன்சக்கரம் சேற்றில் இறங்கி உட்கார்ந்துகொண்டது. வலை காயப்போட்டுக்கொண்டிருந்த காசிநாதன் என்பவர் ஆட்களோடு ஓடி வந்தார். விஷயத்தைச் சொன்னதும், இன்னா அண்ணாத்த, நாள் முச்சூடும் இங்க படகு மோட்டார் ஓடிகினு கீது, இதுங்க தலையக்கூடத் திருப்பாது, நீ போய் வண்டிய அமத்திகினு வந்தியே என்று சிரித்தார். நான் அசடு வழிந்தேன். வண்டியைத் தூக்க வேண்டுமென்றால் அம்மா இறங்கித்தான் ஆக வேண்டும். காசிநாதன் மனைவி மேரி, வெயில்ல நிக்காத வாக்கா என்று கையைப் பிடித்து மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம் படகு நிழலுக்குக் கூட்டிப் போய்விட்டார். அந்தப் பக்கம்தான் கடல்.

வண்டி மேலேறியதும் அம்மாவைக் கூப்பிடப் போனேன். நிழலில் உட்காரவில்லை, ஈர மணலில் நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்க்காமலே, இதுக்குக் கலங்கல் எங்க கீது, ரொம்பிச்சின்னா தண்ணி எங்க போவும் என்று கேட்டாள். மேரிதான், இது ரொம்பாதுக்கா, எம்மாம் வந்தாலும் வாங்கிகினே கீது என்றார். ஏரிக்கரையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் நாங்கள், எந்தத் தண்ணீருக்கும் நிறைந்தால் வழிந்தோடக் கலங்கலும் எதிர்க்கரையும் உண்டு என்றே இருந்துவிட்டோம். இதன்மேலா என் மகள் கப்பலை நடத்திப் போகிறாள் என்று நினைத்தபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அப்போது மேரி கையை நீட்டி, அதோ கப்பல் போவுது பாரு என்றார். வானமும் தண்ணீரும் சேருகிற இடத்தில் எள்ளளவு ஒரு புள்ளி. அதுல யாரு முழிச்சிகினு இருப்பாங்க என்று அம்மா கேட்டாள். நம் காயத்ரி மாதிரி ஒரு பிள்ளை நின்று வழி பார்த்துக்கொண்டிருக்கும் என்றேன். அவள் கண் புள்ளியை விட்டு அசையவில்லை. பசு தனியாக இருக்கிறது, தம்பிக்கு ஒன்றும் தெரியாது, கிளம்பலாம் என்றேன். அதற்கு அவள், போவுற புள்ள கண்ணுக்கு மறையறதுக்குள்ள பெத்தவ திரும்பக் கூடாது, சும்மா இரு என்றாள். நீ கிளம்பிய அன்று அவள் வாசலுக்கு வரவில்லை, அடுப்படியிலேயே நின்றுவிட்டாள். அது உன் கப்பல் இல்லை என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அலை வந்து புடவையை நனைத்தது, நகரவில்லை. புள்ளி மறைந்து வெறும் தண்ணீரான பிறகுதான் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். நானும் துடைத்துக்கொண்டேன்.

செய்யூர் வழியாக வீடு வந்து சேரும்வரை ஓயாத கேள்வி. அங்கே சோறு கிடைக்குமா, தலைக்கு எண்ணெய் வைக்கிறாளா, கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டா. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன், மீதியை உன்னிடமே கேட்கட்டும். காற்று அடிக்கும்போது கம்பி ஓரம் நிற்காதே, நேரத்துக்குச் சாப்பிடு, வேலையில் மேலிருப்பவர்களுக்கு மரியாதை கொடு, ஆனால் யாருக்கும் பயப்படாதே. நீ போகிற தண்ணீரெல்லாம் உன்னைப் பத்திரமாகத் தாங்கட்டும், தீர்க்காயுசாக இரு.

ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் கூப்பிடு. எடுத்ததும் பேச்சுச் சத்தம் வராவிட்டால் லைன் சரியில்லை என்று வைத்துவிடாதே. போன் அம்மா கையில் இருக்கும்.

இப்படிக்கு
உன் அப்பா
அருணகிரி