தாய்மாரே, எழுந்து நில்லுங்கள்

மகளின் உம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மடவளையில் மழை விடவில்லை. கடை நன்றாக ஓடுகிறது. இதைச் சொல்லவா கடிதம் என்று கேட்பாய். உன் போனுக்கு எடுத்தால் உன் கூடப்பிறந்த நானா பேசுகிறார், அதனால்தான் எழுதுகிறேன்.

சனிக்கிழமை கண்டியில் நம் மகள் றிப்தாவின் பட்டமளிப்பு விழா. மாணவர்கள் சார்பில் அவள்தான் பேசுகிறாள். அயன் பண்ணிய சட்டையையே திரும்பவும் அயன் பண்ணிக்கொண்டிருக்கிறேன். இன்று கடையைத் திறந்தேன், பூட்டினேன், மறுபடி திறந்தேன்.

நேற்று எனக்குப் பேசிக் காட்டினாள். நடுவில் ஒரு வரி வருகிறது: “தாய்மாரே, எழுந்து நில்லுங்கள். உங்களுக்காக நாங்கள் கைதட்ட வேண்டும்.” அதை வெட்டிவிடச் சொன்னேன்.

“வெட்ட ஏலா வாப்பா. வெட்டினா எனக்கு உம்மாவே இல்லண்டு ஆகிடும்” என்றாள். அதற்குப் பிறகு அவள் சாப்பிடவில்லை.

நீ அக்குறணைக்குப் போனதைப் பற்றி இதில் எழுதமாட்டேன். நானா வீட்டில் நீ இருப்பதில் எனக்குக் கோபமும் இல்லை. இல்லை என்றே வைத்துக்கொள்.

பெற்றோருக்கு இரண்டு அழைப்பு அட்டை தந்தார்கள். ஒன்றை இதற்குள் வைத்திருக்கிறேன். கதிரைகள் பக்கத்துப் பக்கத்திலாம். வேண்டுமென்றால் நடுவில் உன் பையை வைத்துக்கொள், நான் பேசமாட்டேன்.

வருவாயா என்று கேட்கவில்லை. ஆனால் அந்த வரி வரும்போது பிள்ளை மேடையிலிருந்து நம் கதிரைகளைத்தான் பார்ப்பாள். அங்கே நீ இல்லாவிட்டால், அத்தனை தாய்மாருக்கு நடுவில் நான் எழும்பி நிற்பேன்.

இப்படிக்கு,
மகளின் வாப்பா